இமயத்தில் மழை வகுத்த திணைகள்

நிலமும் பொழுதும் முதற்பொருள்; அவ்விரண்டையும் சார்ந்து தோன்றும் மரம், பூ, விலங்கு, பறவை முதலியன கருப்பொருள். இது நம் முன்னோர் வகுத்த இலக்கணம். பொருளதிகாரத்தை அகப்பாடல்களுக்குரிய வரம்பு என்ற அளவிலேயே கற்றுவிட்டு அப்பால் செல்வது நம்மிற் பலரின் வழக்கம். ஆயினும் இயற்கையைப் பற்றிய ஆழ்ந்த நோக்கு ஒன்றும் அதனுள் அடங்கியிருக்கிறது. முல்லைக்குக் கார்காலத்தையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிமையாக்கியபோது, ஓரிடத்தில் எது முளைக்கும் என்பதை மண்ணோடு வானமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம். அன்றியும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரியின் பாலை என்னும் வடிவு கொள்ளும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரம் நமக்குத் தருகிறது. திணை என்பது என்றும் நிலைத்த ஒன்றன்று; திரியக்கூடியது.

இவ்விரு கருத்துகளையும் மனத்திற் கொண்டு, வடபுலத்தில் வாழ்கின்ற நாம் இமயமலையைச் சற்றே உற்று நோக்குவோம். விடுப்புப் பயணச் சலுகையில் டார்ஜிலிங் சென்று வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு; லே நகரத்தில் பணியாற்றித் திரும்பியவர்களும் உண்டு. முன்னவர்கள் மரத்தின் அடிமுதல் நுனிவரை பாசியும் பெரணியும் படர்ந்த காடுகளைப் பற்றிச் சொல்வார்கள். பின்னவர்களோ, ஆற்றங்கரை தவிர வேறெங்கும் ஒரு மரமும் இல்லாத பழுப்பு மலைகளைப் பற்றிச் சொல்வார்கள். இரண்டும் ஒரே இமயமலைப் பகுதியைச் சேர்ந்தவையே. டார்ஜிலிங்கில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. லேயில் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மில்லிமீட்டர்தான். இவ்வேறுபாடு செடிகொடிகளின் வாழ்வை எவ்வாறு வகுத்தது என்பதையும், அதை மாந்தர் எவ்வாறு படிப்படியாக அறிந்தனர் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹம்போல்டின் புதிர்

மலைகளின் தாவரங்களை ஒரு முறைப்படி நோக்கத் தொடங்கியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தென்னமெரிக்காவின் சிம்பொராசோ மலைமீது அவர் தம் தோழர் போன்ப்லாண்டுடன் ஏறினார். அடிவாரத்தில் வெப்பநாட்டு மரங்கள், அவற்றுக்கு மேல் குளிர்நாட்டு மரங்கள், பின்னர்ப் புல்வெளி, அதற்கும் மேல் பாசி, இறுதியில் பனி என்று, மலையின் ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு நாட்டின் தாவரங்கள் நிற்பதைக் கண்டார். 1807இல் வெளியிட்ட தம் நூலில் அம்மலையை ஓர் ஓவியமாக வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று அதன்மேலேயே எழுதிக் காட்டினார்.

ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏறினால் 6 டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும். எனவே உயரமும் குளிருமே செடிகளின் தலைவிதியை எழுதுகின்றன என்று எண்ணுவதற்கு அவ்வோவியம் இடந்தந்தது. ஆனால் இமயத்திலிருந்து வந்த செய்தி ஒன்று அவ்வெண்ணத்தைக் குலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாவோன் பகுதியை அளந்த ஆங்கில அதிகாரிகள், இமயத்தின் தென்புறத்தில் நிலைத்த பனி தொடங்கும் கோடு தாழ்வாகவும், திபெத்தை நோக்கிய வடபுறத்தில் அது மிக உயரமாகவும் இருப்பதைத் தெரிவித்தனர். வடக்கே செல்லச் செல்லக் குளிர் மிகும்; பனிக்கோடு தாழ வேண்டும். இங்கோ அது தலைகீழாக இருந்தது! ஐரோப்பிய அறிஞருட் பலர் இதை நம்ப மறுத்தனர். ஹம்போல்ட் நம்பினார், 1820ஆம் ஆண்டு முதலே அதற்கு விளக்கம் தேடினார். இமயத்தை நேரிற் காண அவர் பெரிதும் விழைந்தும், கிழக்கிந்தியக் கம்பெனி கடைசிவரை அவருக்கு இசைவு தரவில்லை.

1849இல் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி வெளியிட்ட ஆய்வு அவ்வழக்கைத் தீர்த்து வைத்தது. தென்விளிம்பைவிட வடபுறத்தில் பனிக்கோடு ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்திருப்பதை அவர் உறுதி செய்தார். காரணம் எளியது. தென்புறத்தில் ஈரக்காற்று மோதுகிறது. பனி மிகுதியாக விழுகிறது. விழுந்த பனி உருகித் தீர்வதில்லை. வடபுறத்திலோ காற்று வறண்டது, வானம் தெளிந்தது, வெயில் கடியது. விழும் சிறு பனியும் விரைவில் மறைகிறது. ஆக, மலையின் இயல்பை வகுப்பதில் உயரத்துக்கு நிகரான பங்கு ஈரத்துக்கும் உண்டு என்பது அன்று வெள்ளிடைமலையாயிற்று. தென்கிழக்குத் திபெத்தில் சுமார் 4,900 மீட்டர் உயரத்திலும் ஜூனிப்பர் மரங்கள் நிற்கின்றன. மேற்கு இமயத்தின் தென்சரிவுகளிலோ 3,500 மீட்டரை ஒட்டியே மரங்கள் நின்றுவிடுகின்றன.

இரு நண்பர்கள், இரு இமயங்கள்

இவ்வரலாற்றில் 1848ஆம் ஆண்டு மறக்கவொண்ணாதது. கிளாஸ்கோ நகரில் ஒருங்கே பயின்ற இரு நண்பர்கள் அவ்வாண்டில் இமயத்தின் இரு கோடிகளில் இருந்தனர். ஒருவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். மற்றவர் தாமஸ் தாம்சன். ஹூக்கர் அண்டார்க்டிக் கடல்வரை சென்று மீண்டவர். டார்வினின் உற்ற நண்பர். தாம்சன் கம்பெனியின் மருத்துவர். ஆப்கானியப் போரில் சிறைப்பட்டு மீண்டவர்.

தாம்சன், லடாக்கின் எல்லையை வரையறுக்க 1847இல் அனுப்பப்பட்ட குழுவில் ஓர் உறுப்பினர். அக்குழுவில் அவருடன் சென்றவர், பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை ஏற்ற அலெக்சாண்டர் கன்னிங்காம். தாம்சன் 1848 ஆகஸ்டில் காரகோரம் கணவாயை எட்டினார். அவர் நடந்த வழியெல்லாம் கல்லும் மணலும். நீர் கசியும் இடங்களில் மட்டும் பசுமை. ஏனைய இடங்களில் முள்ளும் நறுமணமும் உடைய குறுஞ்செடிகள்.

ஹூக்கரோ அதே ஆண்டு ஏப்ரலில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அவர் நடந்தது அட்டைகள் நிறைந்த காடுகளில். அடிவாரத்துச் சால மரங்களைக் கடந்து, ஓக் மரங்களையும் மக்னோலியாக்களையும் கண்டு, அவற்றுக்கு மேல் ரோடோடெண்ட்ரான் மலர்க்காடுகளை அடைந்தார். சிக்கிமிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட புதிய ரோடோடெண்ட்ரான் இனங்களை உலகுக்கு அறிவித்தார். செடிகளைப் பறித்தவர்கள், சுமந்தவர்கள், காட்டின் பாதைகளை அறிந்து வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் லெப்சா மக்களும் பிற மலைவாசிகளுமே. அவர்கள் பெயர்கள் நூல்களின் முகப்பில் இல்லை என்றாலும், அவர்களின்றி அந்நூல்கள் இல்லை.

1849இல் ஹூக்கர் லாச்சேன், லாச்சுங் பள்ளத்தாக்குகளின் வழியே வடக்கு நோக்கி ஏறி, 18,000 அடிக்கும் மேற்பட்ட டோங்கியா கணவாயை அடைந்தார். ஒரே ஆற்றைப் பின்பற்றிச் செல்கையில் மழைக்காடு மறைந்து, ஊசியிலைக் காடு வந்து, அதுவும் மறைந்து, திபெத்தின் வறண்ட மேட்டுநிலம் எதிர்ப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவரும் டார்ஜிலிங் அதிகாரி காம்பெல்லும் சிக்கிம் திவானின் ஆட்களால் பிடித்து வைக்கப்பட்டு, டிசம்பரில் விடுவிக்கப்பட்டனர். அதனைக் காட்டி, மறு ஆண்டே சிக்கிமின் தராய் நிலத்தை ஆங்கிலேயர் தம் ஆட்சியில் இணைத்துக்கொண்டனர். செடி தேடும் பயணமும் நாடு பிடிக்கும் பயணமும் அக்காலத்தில் ஒன்றையொன்று முற்றும் பிரிந்து நின்றதில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பின்னர் நண்பர்கள் இருவரும் ஒன்றுகூடி, 1850இல் காசி மலைக்குச் சென்றனர். சிரபுஞ்சியில் தாங்கள் தங்கிய மாதங்களில் 500 அங்குலத்துக்கும் மேல் மழை பெய்ததாகப் பதிவு செய்தனர். அவ்வூரைச் சுற்றிப் பத்து மைல் தொலைவுக்குள் 2,000க்கும் மேற்பட்ட பூக்கும் செடிகளைத் திரட்டினர். லடாக்கின் வறட்சியைக் கண்ட கண்ணும் சிக்கிமின் ஈரத்தைக் கண்ட கண்ணும் ஓரிடத்தில் கூடியதன் பயனாக, 1855இல் அவர்கள் எழுதிய இந்தியத் தாவர நூலின் நெடிய முன்னுரையில், இந்தியாவின் ஒவ்வொரு பகுதியின் தட்பவெப்பமும் அதன் தாவரங்களும் இணைத்துப் பேசப்பட்டன.

மழையின் மூன்று கணக்குகள்

இமயத்தில் மழை மூன்று வகையாக மாறுகிறது. முதலாவது, கிழக்கிலிருந்து மேற்காக. வங்கக் கடலிலிருந்து எழும் பருவக்காற்று முதலில் கிழக்கு இமயத்தில் மோதித் தன் ஈரத்தைக் கொட்டுகிறது. மேற்கே செல்லச் செல்ல அதன் கை சுருங்குகிறது. ரோடோடெண்ட்ரான் இனங்கள் கிழக்கில் பல பத்துகளாக இருக்க, மேற்கில் விரல்விட்டு எண்ணும் அளவாகக் குறைவதற்கு இதுவே பெருங்காரணம். 7,096 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள சிக்கிமில் பூக்கும் தாவரங்கள் நாலாயிரத்துக்கும் மேல். அதைப்போற் பன்மடங்கு பரந்த லடாக்கிலோ ஆயிரத்துச் சொச்சம்.

இரண்டாவது, தெற்கிலிருந்து வடக்காக. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைக்குத் தெற்கேயுள்ள லும்லே என்னும் ஊரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்கு அப்பாலுள்ள ஜோம்சோமில் 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. மனாலியிலிருந்து ரோத்தாங் கணவாயைக் கடந்து லாஹூல் சென்றவர்கள், தேவதாரு காடுகள் பின்னே மறைந்து வெற்று மலைகள் முன்னே விரிவதைக் கண்டிருப்பார்கள். ஒரு மலைச்சுவர் இரு திணைகளைப் பிரித்து நிறுத்துகிறது.

மூன்றாவது, கீழிருந்து மேலாக. ஈரக்காற்று மலையில் ஏறுகையில் குளிர்ந்து மேகமாகிப் பொழிகிறது. பெருமழை பெரும்பாலும் சிகரத்தில் பெய்வதன்று. இடைமட்டத்துச் சரிவுகளிலேயே பெய்கிறது. ஆகவே அவ்விடைமட்டத்திலேயே செடியினங்களும் பல்குகின்றன. நேபாளத்தின் பெரணிகளை எண்ணிய ஆய்வாளர்கள், அவை சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் மிகப் பலவாக இருப்பதைக் கண்டனர். அதற்குக் கீழே வெப்பம் ஈரத்தை உண்கிறது. அதற்கு மேலே குளிர் உயிரை ஒடுக்குகிறது.

அளவு மட்டுமன்று, பொழுதும் இங்கே முதற்பொருளே. கிழக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையே ஆண்டின் பெரும் வரவு. காஷ்மீரத்திலோ மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுகள் பனியாகப் பொழிந்து வைக்கின்றன. பனி, மலை தன் பெட்டியில் சேமித்து வைக்கும் மழை. வசந்தத்தில் அது சிறிது சிறிதாக உருகி வேருக்கு எட்டுகிறது. அதனாற்றான் காஷ்மீரம் வசந்தத்திலேயே பூத்துக் குலுங்குகிறது. கட்வாலின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மழையில் பூக்கிறது. 1931இல் காமெட் சிகரத்திலிருந்து இறங்கி வந்த பிராங்க் ஸ்மைத் என்னும் மலையேறி, மழை மூட்டத்தினிடையே அப்பள்ளத்தாக்கில் புகுந்து வியந்தார். அவர் எழுதிய நூலால் அது உலகப் புகழ் பெற்றது. அங்கு ஆடு மேய்த்துவந்த ஊரார்க்கு அது முன்னரே தெரிந்த இடந்தான்.

அடியில் பாலை, நடுவில் காடு

மேலே செல்லச் செல்ல வளம் குறையும் என்ற பொது எண்ணத்துக்கு மாறான காட்சியைக் காட்டுவது நங்க பர்வதம். 1937ஆம் ஆண்டு அம்மலைக்குச் சென்ற ஜெர்மானியக் குழுவில் கார்ல் டிரோல் என்னும் புவியியலறிஞரும் இருந்தார். அவ்வாண்டு ஜூனில் அக்குழுவின் மலையேறிகளும் ஷெர்ப்பாக்களுமாகப் பதினாறு பேர் பனிச்சரிவில் புதையுண்டு மாண்டனர். அத்துயரின் நடுவே டிரோல் முடித்த பணி, நங்க பர்வதத்தின் தாவர வரைபடம். அது 1939இல் வெளிவந்தது.

சிந்து நதி ஓடும் அடிப்பள்ளம் வெறும் பாலை. அதற்கு மேல் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த குறுஞ்செடிகள். அதற்கும் மேலேதான் ஊசியிலைக் காடும், பூர்ஜ மரங்களும், மலர்ப்புல்வெளியும். பகற்பொழுதில் காற்று சரிவுகளைத் தழுவி மேலேறுகிறது. அங்கே மேகம் கூடுகிறது. பள்ளத்தின் நடுவிலோ காற்று கீழிறங்கி வானத்தைத் துடைத்துவிடுகிறது. எனவே சரிவில் மழை, பள்ளத்தில் வறட்சி. டிரோலின் மாணவர் சுவைன்பர்த் 1957இல் இமயம் முழுமைக்கும் தாவர வரைபடம் வகுத்தபோது, பூடான் முதல் காஷ்மீரம் வரை இத்தகைய வறண்ட பள்ளங்கள் பல இருப்பது புலனாயிற்று.

வறண்ட நிலம் வறிய நிலமென்று எண்ணிவிடலாகாது. இனங்களின் எண்ணிக்கை அங்குக் குறைவு. ஆனால் வேறெங்கும் வாழாத, தனக்கே உரிய செடிகள் அங்கு உண்டு. லடாக்கில் 6,150 மீட்டர் உயரத்திலும் வேரூன்றி வாழும் பூக்கும் செடிகளை ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். திண்டுபோல் தரையோடு ஒட்டி, கிடைத்த ஈரத்தைத் தமக்குள்ளேயே பொதிந்து வைத்து வாழும் செடிகளும் அந்நாட்டில் உண்டு. மழை மிகுந்த சிக்கிமின் உச்சிகளிலோ தொல்லை வேறு. அங்கு ஹூக்கர் வியந்து எழுதிய ரியம் நோபிலே என்னும் செடி, ஆளுயரத்துக்கு எழுந்து, வெளிர்மஞ்சள் இலைகளைக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. அவ்விலைகள் வெப்பத்தை உள்ளே தேக்குகின்றன. ஓயாத மழையில் மகரந்தம் நனைந்து கெடாதவாறு காக்கின்றன. ஒன்று மழையைத் தேடி வாழ்கிறது. மற்றொன்று மழைக்குக் குடை பிடித்து வாழ்கிறது. பாலைக்கும் ஒரு திணையென இடமளித்த மரபில் வந்த நமக்கு இவ்விரண்டின் அருமையும் விளங்கும்.

திரிந்த திணைகள்

திணை திரியும் என்பதற்கு இமயமே சான்று. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இன்று ஓக் மரங்கள் இயற்கையாக வளர்வதில்லை. ஆனால் கரேவா எனப்படும் பழைய ஏரிப்படிவுகளில், ஓக் இலைகள் கல்லில் பதிந்து கிடைக்கின்றன. 1936இல் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி இப்படிவுகளை ஆராய்ந்து எழுதினார், 1940களில் ஜி. எஸ். புரி அவ்விலைகளை விரிவாக ஆராய்ந்தார். அவர்கள் கண்ட வரலாறு இது: பீர் பஞ்சால் மலைத்தொடர் தாழ்ந்திருந்த காலத்தில் பருவமழை தடையின்றிக் காஷ்மீரத்தினுள் புகுந்தது, ஓக் மரங்களும் பிற ஈரநிலத்து மரங்களும் செழித்தன. மலைத்தொடர் மெல்ல மெல்ல உயர்ந்தது, மழையின் வழி அடைபட்டது, மரங்கள் மறைந்தன. அக்கரேவா மேட்டிலேதான் இன்று பாம்போரின் குங்குமப்பூ விளைகிறது. நம் வீடுகளில் கருவுற்ற பெண்டிர்க்குப் பாலில் இடும் அப்பூவின் அடியில், மழை இழந்த ஒரு காட்டின் ஏடுகள் புதைந்து கிடக்கின்றன! சாஹ்னி, லக்னோவில் தொல்தாவர ஆய்வு நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற ஒரு வாரத்துக்குள் மறைந்தார். நிறுவனம் இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது.

தமிழகத்திலும் இத்தகைய ஏடு உண்டு. கட்வாலில் புராஞ்சு என வழங்கும் செந்நிற ரோடோடெண்ட்ரானின் நெருங்கிய உறவு நீலகிரியிலும் பழனி மலையிலும் வளர்கிறது. இடைப்பட்ட சமவெளியில் அதைக் காண முடியாது. நீலகிரியின் சதுப்புகளில் படிந்த தாவர மட்கைச் சுகுமார் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டனர். புல்லும் மரமும் மண்ணில் விட்டுச்செல்லும் கரியின் வகை வேறு வேறு. அதைக்கொண்டு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளில் பருவமழை குன்றியபோது வறட்சி தாங்கும் புல் பரவியதையும், மழை பெருகியபோது சோலை மரங்களும் ஈரநிலச் செடிகளும் மீண்டதையும் அவர்கள் படித்தறிந்தனர்.

ஹூக்கரின் ஏடும் நம் கடமையும்

பழைய திரிபுகள் பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. இன்றைய திரிபோ ஒரு மனித வாழ்நாளுக்குள் நிகழ்கிறது. ஹூக்கர் 1849, 1850ஆம் ஆண்டுகளில் சிக்கிமின் எந்தச் செடியை எவ்வளவு உயரத்தில் கண்டார் என்று குறித்து வைத்திருந்தார். டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அதே பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, அக்குறிப்புகளோடு ஒப்பிட்டு, 2013இல் முடிவை வெளியிட்டனர். அப்பகுதிக்கே உரிய 124 செடியினங்களுள் 87 விழுக்காடு தம் பழைய எல்லையை விட்டு இடம் பெயர்ந்திருந்தன. வெப்பத்துக்கு அஞ்சி மேலேறியிருந்தன. கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு ஒன்று நன்கு தெரியும்: நாளும் இடமும் பிழையின்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பு, எழுதியவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் சான்று கூறும். ஹூக்கரின் ஏடு அதற்கு எடுத்துக்காட்டு.

மலைக்கு உச்சி உண்டு. உச்சிக்கு மேல் ஏற இடமில்லை. பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தால், மலையின் சேமிப்புக் குறைகிறது. விழுந்த நீர் அன்றே ஓடிவிடுகிறது. 2010 ஆகஸ்டில் லேயில் ஒரே இரவில் கொட்டிய மழையும், 2013 ஜூனில் கேதாரநாத்தில் நேர்ந்த பேரழிவும் நம் நினைவை விட்டு அகலவில்லை. வறண்ட மலைக்கு மழை மிகுதல் வளமன்று என்பதை அவை காட்டின.

இவையெல்லாம் எங்கோ நிகழும் செய்திகள் என்று நாம் இருந்துவிட முடியாது. நம் ஊர் நாட்டுமருந்துக் கடைகளில் விற்கும் சடாமாஞ்சில், அதிவிடயம், கடுகுரோகிணி ஆகிய மூன்றும் இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் விளைபவை. சித்த மருத்துவர் சீட்டு எழுதும்போது, அவரறியாமலே இமயத்துப் பனியையும் மழையையும் சேர்த்தே எழுதுகிறார். அளவின்றித் தோண்டியதால் சடாமாஞ்சில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. எஞ்சியவற்றின் வாழிடத்தையும் வெப்பம் மேலே தள்ளினால் அதன் நிலை என்னாகும்? டெல்லியில் நம் வீட்டுக் குழாய்க்கு வரும் யமுனை நீரும் அம்மலைகளின் கொடையே.

ஆகவே, அடுத்த முறை குடும்பத்தோடு மலைக்குச் செல்லும்போது, காட்சி முனைகளில் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், இச்சரிவு எத்திசை நோக்கியது, இங்கே மழை எப்பொழுது வரும், இம்மரம் ஏன் அடுத்த மலையில் இல்லை என்று நம் பிள்ளைகளைக் கேட்கச் செய்வோம். கண்ட பூவின் பெயரையும் நாளையும் உயரத்தையும் ஒரு சிறு ஏட்டில் அவர்கள் எழுதி வைக்கட்டும். பூவைப் பறிக்காமல் குறிப்பை மட்டும் கொண்டு வரட்டும். முதற்பொருளையும் கருப்பொருளையும் இணைத்துப் பார்க்கும் பயிற்சி நம் மொழியிலேயே இருக்கிறது. நாம் செல்லுமிடமெல்லாம் அது நம்மோடு வரத்தக்கது.